முதற் பசுமைக்கூடம்: சித்திரையில் எதை நடலாம்?

சித்திரைப் புத்தாண்டு கழிந்து இரண்டு வாரமிருக்கும். வாவியின் படுவான்கரைப் பக்கத்துக் கிராமமொன்றுக்கு நாம் போயிருந்தோம். வளவின் பின்புறத்தில் புத்தம் புதிய பசுமைக்கூடமொன்று வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே தடித்த பொலித்தீன், நான்கு பக்கமும் நெருக்கமான வலை, இரட்டைக் கதவு. உள்ளே பெல் பெப்பர் என்று கடைகளில் விற்கிறார்களே, அந்தக் குடைமிளகாய்ச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. இலையிற் குறையில்லை. ஆனால் காயைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"பூக்குது மனே, பூக்காம இல்ல. விடிஞ்சு பாத்தா எல்லாம் கீழ கிடக்கு" என்றார் அந்த வீட்டுத் தலைவி. கணவனை இழந்தவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். கூடத்தின் பாதிச் செலவுக்கு உதவி கிடைத்தது, மீதிக்குக் கடன் எடுத்திருந்தார். முதல் அறுவடையில் முதற் தவணை என்பது அவருடைய கணக்கு. "உள்ளுக்கு நாமளே நிக்க ஏலாது, செடி எப்பிடி நிக்கும்?" என்று அவரே கேட்டார். நாம் கொண்டுபோன வெப்பமானியைப் பிற்பகல் 2 மணிக்குச் செடிகளின் நடுவே தொங்கவிட்டோம். வெளியே மரநிழலில் 34 பாகை காட்டியது, உள்ளே 43 பாகைக்கு ஏறிவிட்டது. அவருடைய கேள்விக்கான விடை அதிலேயே இருந்தது.

பசுமைக்கூடம் இன்று எமது பகுதிக்கும் வந்துவிட்டது. விவசாயத் திணைக்களம், வெளிநாட்டு உதவித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், புலம்பெயர்ந்த உறவினர் எனப் பல வழிகளால் வருகிறது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கூடத்தைக் கொடுப்பவர்கள் எல்லோரும் அதற்குள் எந்தப் பருவத்தில் எதை நடுவது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. கோடைத் தொடக்கத்தில் முதன்முறையாக இதில் இறங்கும் குடும்பங்களுக்காகவே இக்கட்டுரை.

குளிர்நாட்டுப் பெட்டி, எங்கள் வெயில்

பசுமைக்கூடம் குளிர்நாட்டில் பிறந்தது. வெயிலை உள்ளே விட்டுச் சூட்டைப் பிடித்து வைப்பதே அங்கு அதன் வேலை. நம் நாட்டிலும் அது முதலில் வேரூன்றியது மலையகத்திலேதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்குள்ள குளிருக்கும் ஓயாத மழைக்கும் பொலித்தீன் கூரை பெருந்துணை. குடைமிளகாயும் பெருந்தக்காளியும் அங்கு செழிப்பதைப் பார்த்துவிட்டு அதே கூடத்தை அதே பயிருடன் வாவிக்கரைக்கு இறக்கினால் என்ன நடக்கும்?

மட்டக்களப்பு ஏறத்தாழ 7 பாகை 43 கலை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 2ஆம் வாரத்தை ஒட்டிச் சூரியன் நமது தலைக்கு நேரே நிற்கிறது. மே, யூன் மாதங்களில் பகல் வெப்பம் 33 பாகையைச் சுற்றி நிற்கும். இரவிலும் 25 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. அதன்பின் மேற்கிலிருந்து கச்சான் காற்று வரண்டு அடிக்கத் தொடங்கும்.

குடைமிளகாயும் தக்காளியும் பூத்துக் காய் பிடிக்க இரவுக் குளிர்மை வேண்டும். இரவு 21 பாகைக்கு மேல் ஏற ஏறக் காய் பிடிப்பது குறையும். பகல் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தமே உயிரிழந்துவிடும். செடி சாவதில்லை, பசேலென்று வளரும், பூவை மட்டும் உதிர்த்துவிடும். அந்தத் தாயின் செடிகளுக்கு நேர்ந்தது இதுதான். அவரது உழைப்பிற் குறையில்லை. பயிரும் பருவமும் பொருந்தவில்லை.

கோடையில் கூரைக்கு என்ன வேலை?

நமது பகுதிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதன் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. சித்திரையில் சில பின்னேர இடிமழை உண்டு. அதற்குமேல் புரட்டாதி வரையில் பெரிய மழை அரிது. ஆகவே கோடைத் தொடக்கத்தில் மழையைத் தடுக்கும் பொலித்தீனுக்கு அங்கே வேலையே இல்லை. தேவைப்படுவன இரண்டு: உச்சி வெயிலைத் தணிக்கும் நிழல், பூச்சியைத் தடுக்கும் வலை.

எனவே புதிதாகக் கட்டுபவர்களுக்கு எமது முதல் ஆலோசனை இது: சட்டத்தை உறுதியாகக் கட்டுங்கள், பொலித்தீனை உடனே வாங்காதீர்கள். முதற் கோடையை 30 முதல் 35 வீத நிழல்வலையுடன் தொடங்குங்கள். 50 வீத நிழல் நாற்றுக்கும் வல்லாரைக்கும் நல்லது. காய்ப் பயிருக்கு அது கூடுதல். செடி நெட்டையாக நீண்டு பூ குறைந்துவிடும்.

ஏற்கனவே பொலித்தீன் கூடம் வைத்திருப்பவர்கள் கூரையைக் கழற்றக்கூடியதாயின் கழற்றி, சுருட்டி, எலி கடிக்காத நிழலிடத்தில் வையுங்கள். வெயிலில் கிடந்து நலிவதும் மிச்சமாகும். கழற்ற முடியாவிட்டால் பக்கங்களை நன்றாகத் திறந்து, கூரைக்கு மேலே நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள். வலையைக் கூரைக்குக் கீழே கட்டினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஸ்பெயின் நாட்டின் அல்மெரியாக் கரையில் பல்லாயிரம் ஹெக்டெயரில் பிளாஸ்ரிக் கூடங்கள் உள்ளன. அங்கும் கோடை வந்ததும் கூரைக்கு வெள்ளை பூசி வெயிலைத் திருப்பி விடுகிறார்கள்; பலர் கடுங்கோடையில் கூடத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். அவர்களே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்?

கூடத்தின் நீளம் வடக்குத் தெற்காக இருக்கட்டும். அப்போது வரிசைகளுக்கு இருபுறமும் ஒளி சமமாகக் கிடைக்கும். மேற்கிலிருந்து வரும் காற்று நீண்ட பக்கத்தால் நுழைந்து சூட்டை வெளியே தள்ளும். கச்சானின் வேகத்தைத் தணிக்க மேற்கே சில மீற்றர் தள்ளிக் கிளிசிரிடியா வேலி நட்டால் போதும். அதுவே ஆட்டுக்குத் தீனியும் மண்ணுக்குப் பசளையுமாகும். உயரம் 3 மீற்றருக்குக் குறைய வேண்டாம். இரும்புக் குழாய்க்கு வசதியில்லாதவர் யூக்கலிப்டஸ் கம்புகளால் கட்டலாம். வாவியோரக் கண்டல் மரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை மீனுக்கும் இறாலுக்கும் தொட்டில். நமது கரைக்கு அரண்.

முதலில் கிணற்றைக் கேளுங்கள்

விதைக் கடைக்குப் போகுமுன் கிணற்றங்கரைக்குப் போக வேண்டும். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எமது வாவி முகத்துவாரங்களால் கடலோடு தொடர்புடையது. கோடையில் வாவி நீர் உவர்க்கும்போது அதனை அண்டிய கிணறுகள் சிலவும் உவர்க்கத் தொடங்கும். மார்கழியில் இனித்த கிணறு ஆடியில் இனிக்கும் என்று எண்ணக்கூடாது.

உவர்ப்பை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. நீரின் மின்கடத்துதிறனை அது டெசிசீமன் என்னும் அளவில் காட்டும். உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரையோ கரடியனாற்றிலுள்ள விவசாயப் பயிற்சி நிலையத்தையோ நாடிக் கேளுங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் வகுத்த அளவுகளின்படி, விளைச்சல் குறையாமல் பயிர்கள் தாங்கும் நீரின் உவர்ப்பு வருமாறு:

போஞ்சி 0.7
வெங்காயம் 0.8
சலாது 0.9
மிளகாய் இனங்கள் 1.0
வெள்ளரி 1.7
தக்காளி 1.7
கௌபி 3.3

கிணற்று நீர் 1.0க்குள் நின்றால் கொச்சிக்காய் நடலாம். 1.0க்கும் 1.7க்கும் இடையில் நின்றால் வெள்ளரியோடு நில்லுங்கள். 3.0ஐத் தாண்டினால் அந்தக் கிணற்றை நம்பிக் கூடம் கட்டவே வேண்டாம். திறந்த நிலத்தில் கௌபியும் தென்னையுமே கைகொடுக்கும். இந்த அளவை ஒருமுறை அல்ல, சித்திரையிலும் ஆடியிலும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கூரை போட்ட நிலத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. திறந்த தோட்டத்தில் கோடை நீர் விட்டுச்செல்லும் உப்பை மாரிமழை கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். நிரந்தரமாகப் பொலித்தீன் மூடிய நிலத்தில் மழை விழுவதில்லை. ஊற்றும் நீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். சில ஆண்டுகளில் மண்ணின் மேல் வெள்ளை படரும், இலையோரம் கருகும். நோய் என்று எண்ணி மருந்தடிப்போம், அதனாற் பயனிராது. ஆகவேதான் கூரை கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறோம். ஐப்பசியின் முதற் பெருமழைகள் அந்த நிலத்திலும் விழட்டும். நிலம் கழுவப்பட்ட பின் பொலித்தீனைப் போட்டு மாரித் தக்காளிக்கோ நாற்றுக்கோ பயன்படுத்தலாம். புயல் எச்சரிக்கை வந்தால் உடனே கழற்றுங்கள். 1978 நவம்பர் 23ஆந் திகதிப் புயலைக் கண்ட பெரியவர்கள் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

எதை நடலாம்?

10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட சிறு கூடத்தை எடுத்துக்கொள்வோம். முதன்முறைக்கு இது போதும். வடக்குத் தெற்காக 80 சென்ரிமீற்றர் அகலத்தில் 9 மீற்றர் நீளமான நான்கு பாத்திகள். இடையில் நடக்க வழி. ஒவ்வொரு பாத்திக்கும் நன்கு மக்கிய எருவும் கூட்டெருவும் இடுங்கள். கரைசற் பசளையை மட்டும் நம்பிய தோட்டங்கள், 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோதும் 2022 நெருக்கடியின்போதும் பட்ட பாட்டை நாம் கண்டோம். மண்ணில் உயிர் இருந்தால் கடையில் இல்லாத காலத்திலும் ஓரளவு விளையும். பையில் வளர்ப்போர் தும்புத்தூளை நல்ல நீரில் பலமுறை கழுவியே பாவிக்க வேண்டும். அதிலும் உப்பு உண்டு.

நடு இரண்டு பாத்திகள்: வெள்ளரி. கோடைத் தொடக்கத்துக்கு இதுவே தலைப்பயிர். சூட்டை ஓரளவு தாங்கும், கயிற்றில் ஏறி இடத்தை மிச்சப்படுத்தும், விதைத்து 40 நாளளவில் காய் தரும். பாத்திக்கு ஒரு வரிசையாக 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் 20 செடி, இரு பாத்திக்கும் 40 செடி. ஒற்றைத் தண்டாக விட்டுப் பக்கக் கிளைகளைக் கிள்ளுங்கள்; அடியிலுள்ள ஐந்தாறு கணுக்களின் பூவையும் நீக்கினால் செடி வலுக்கும். விதை வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மகரந்தச் சேர்க்கையில்லாமலே காய்க்கும் இனமா? அப்படியாயின் முழுவதும் வலையடித்த கூடத்திலும் காய்க்கும். சாதாரண இனமாயின் தேனீ வர வேண்டும். காலையில் பக்க வலையைத் திறந்துவிட வேண்டும், அல்லது ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவ வேண்டும். இதை அறியாமல் வலைக்குள் காய்க்காத வெள்ளரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நாம் அறிவோம்.

மேற்குப் பாத்தி: கொச்சிக்காய். இரு வரிசையாக 40 செடி. சித்திரையில் நாற்றுப் போட்டு வைகாசியில் நடலாம். திறந்த வெளியில் கொச்சிக்காயைக் கெடுப்பது இலைச்சுருளல். வெண்ணீயும் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் அதற்குக் காரணம். அங்குலத்துக்கு 40 கண் கொண்ட வலை வெண்ணீயைப் பெருமளவு தடுக்கும். பனிப்பூச்சி அதைவிட நுண்ணியது, நுழைந்துவிடும். ஆதலால் வலை இருக்கிறதே என்று இருந்துவிடாமல் கிழமைக்கு இருமுறை இளந்தளிரின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். குடைமிளகாய் உதிரும் சூட்டிலும் எமது நாட்டுக் கொச்சிக்காய் நின்று காய்க்கும். பச்சையாக விலைபோகாவிட்டால் காயவைத்து விற்கலாம். வெள்ளரிக்கு இந்த வசதி இல்லை.

கிழக்குப் பாத்தி: கீரை. இதை அற்பமாக நினைக்க வேண்டாம். பின்னேர வெயிலை நடுவிலுள்ள வெள்ளரிக் கொடி மறைப்பதால் இப்பாத்தி சற்றுக் குளிர்மையாக இருக்கும். முளைக்கீரையும் கங்குனும் 25, 30 நாளில் பிடுங்கலாம். பொன்னாங்காணியும் வல்லாரையும் ஒருமுறை நட்டால் வெட்ட வெட்டத் தழைக்கும். முதற் காசு இப்பாத்தியிலிருந்தே வரும். வெள்ளரி காய்க்குமுன் வீட்டுக் கறிச்சட்டிக்கும் இதுவே. பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் மூன்றாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒரு பங்காக விதையுங்கள். பிடுங்கலும் தொடர்ந்து வரும்.

தக்காளி ஆசை விடாதவர்கள் வெப்பந்தாங்கும் இனத்தில் பத்துச் செடியைப் பரீட்சையாக நட்டுப் பாருங்கள். வலைக்குள் காற்றசைவு குறைவு. காலை 10 மணியளவில் கயிற்றை மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்க உதவும். முழுக் கூடத்துக்கும் தக்காளி நடும் காலம் மாரி.

கோடையில் கூடத்துக்குள் வேண்டாதவை: குடைமிளகாய், கோவா, கரட், போஞ்சி. பாகல், புடோல், பூசணி, வத்தகை ஆகியவை வெளியே தேனீக்களோடு நன்றாக வளரும். அவற்றுக்குக் கூடத்தின் விலையுயர்ந்த இடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

நீர், நாள், குறிப்புப் புத்தகம்

வளர்ந்த வெள்ளரிச் செடிக்கு நாளொன்றுக்கு 2 இலீற்றர், கொச்சிக்காய்க்கு 1 இலீற்றர், கீரைப் பாத்திக்கு 40 இலீற்றர் என்று கணக்கிட்டால் முழுக் கூடத்துக்கும் 160 இலீற்றர் வரும். ஒரு பெரிய பீப்பாவை நெஞ்சளவு உயரத்தில் வைத்துச் சொட்டுக் குழாயை இணைத்தால் இயந்திரமே வேண்டாம். காலையில் முக்காற் பங்கும் பின்னேரம் காற்பங்குமாக விடுங்கள். பாத்திக்கு வைக்கோல் மூடாக்குப் போடுங்கள்; ஈரமும் நிற்கும், உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

சித்திரை நடுவில் விதைத்த வெள்ளரி வைகாசிக் கடைசியில் காய்க்கத் தொடங்கும். அது கண்ணகி அம்மன் கோவில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் காலம். மச்சமாமிசம் விலக்கி ஊர் ஊராக மரக்கறி சமைக்கும் நாட்கள் அவை. அக்கம்பக்கத்துச் சடங்குத் திகதிகளை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பவருக்குக் காயை விற்க அலைச்சல் இல்லை.

ஆடிக் கடைசியில் வெள்ளரி ஓயும்போது செடியை வேரோடு பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்தப் பாத்தியை நனைத்துத் தெளிவான பொலித்தீனால் இறுக மூடி ஐந்தாறு கிழமை வெயிலில் விடுங்கள். நம்மைச் சுடும் அதே வெயில் நமக்காக மண்ணைச் சுத்தம் செய்யும். ஒரே பாத்தியில் மறுபடியும் வெள்ளரி நடாதீர்கள். எஞ்சிய பாத்திகளில் மாரிக்கான நாற்று மேடை போடலாம். ஆயித்தியமலை மாதா திருநாளுக்குப் போய்வரும் செப்டெம்பர் மாதத்தில் நாற்றுத் தேடி அலைவோர் பலர்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: விதைத்த நாள், பிடுங்கிய கிலோ, விற்ற விலை, நண்பகல் வெப்பம், கிணற்று உவர்ப்பு. ஆண்டு இறுதியில் வேறெவரும் உங்களுக்குத் தரமுடியாத பாடநூல் அதுவாகவே இருக்கும்.

கடனுக்கு முன் கணக்கு

லூக்கா நற்செய்தியில் கோபுரம் கட்டப் புறப்பட்டவனைப் பற்றிய உவமையை நாம் அறிவோம். அத்திவாரத்தோடு நின்றவனைப் பார்த்து ஊர் நகைக்கும். பசுமைக்கூடத்துக்கும் அது பொருந்தும். எமது மாவட்டத்துப் பெண்கள் நுண்கடனால் பட்ட துயரம் சிறிதல்ல. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்காக அரசே கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆகவே முதல் ஆண்டில் கூடத்துக்காகக் கிழமைத் தவணைக் கடன் எடுக்காதீர்கள். பயிர் கிழமைக் கணக்கில் காசு தராது. நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒரு கூடத்தில் ஒரு கோடையைப் பழகிப் பாருங்கள். பலன் கண்ட பின் ஆளுக்கொன்று கட்டலாம். திட்டம் கொண்டு வரும் நிறுவனங்களிடமும் நாம் ஒன்று கேட்கிறோம்: எத்தனை கூடம் திறந்து வைத்தீர்கள் என்பதோடு, மூன்றாம் ஆண்டில் எத்தனை கூடத்தில் பயிர் நிற்கிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

கட்டுரையின் தொடக்கத்தில் சந்தித்த தாயிடம் மறுபடியும் ஆவணியில் போனோம். குடைமிளகாயைப் பிடுங்கிவிட்டு, கூரைப் பொலித்தீனைச் சுருட்டி வீட்டுப் பரணில் வைத்திருந்தார். நிழல்வலைக்குக் கீழே இரண்டு வரிசை கொச்சிக்காய் காய்த்து நின்றது. கீரைப் பாத்தியில் மூன்றாம் முறை விதைப்பு. வெள்ளரி பிந்தி நட்டதால் அரைகுறைதான் என்றார். கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் அந்த மாதத் தவணையைத் தோட்டக் காசிலேயே கட்டிவிட்டதாகச் சொன்னார்.

பிற்பகல் 2 மணிதான். வெப்பமானியைப் பார்த்தோம்: உள்ளே 35, வெளியே 34. அவரோ நிழலில் பலகைக் கட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குள்ளேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இப்ப இருக்க ஏலும் மனே" என்றார். தாம் இருக்கக்கூடிய இடத்தில் செடியும் இருக்கும் என்ற அந்த அளவுகோலை வாசகர்களும் கைக்கொள்ளலாம்.